பாரூக் சாமுவேல் புளூம்பெர்க்

பாரூக் சாமுவேல் புளூம்பெர்க் (ஜூலை 28, 1925 – ஏப்ரல் 5, 2011) அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் உயிர்வேதியியலாளரும் ஆவார். கல்லீரல் அழற்சி பி, அதாவது ஹெபடைட்டிஸ் பி நோயை உண்டாக்கும் தீநுண்மத்தை அடையாளம் காண வழிவகுத்த கண்டுபிடிப்புக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அந்நோயைக் குருதியில் கண்டறியும் சோதனையும், அதற்கு எதிரான முதல் தடுப்பூசியும் இவருடைய ஆய்வுக்குழுவின் பணியிலிருந்து தோன்றியவை. 1976-ஆம் ஆண்டு உடலியங்கியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசை இவர் டேனியல் கார்ல்ட்டன் கஜ்டுசெக்குடன் பகிர்ந்துகொண்டார்.

புளூம்பெர்க் தொடக்கத்தில் காமாலை நோயின் காரணியைத் தேடவில்லை. ஒரே நோய்க்கு ஆளாகும் மனிதர்களுள் சிலர் மட்டும் கடுமையாகப் பாதிக்கப்படுவது ஏன் என்பதே இவருடைய கேள்வியாக இருந்தது. அதற்கு விடை காண, மருத்துவ வசதி எட்டாத சிற்றூர்கள், பழங்குடிக் குடியிருப்புகள், தொழுநோயாளர் இல்லங்கள், மனநலக் காப்பகங்கள் ஆகிய இடங்களில் வாழ்ந்த மக்களின் குருதி மாதிரிகளை இவர் ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயன் அதே மக்களைச் சென்றடையப் பல ஆண்டுகள் ஆயின. இவருடைய பிறந்த நாளான ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

புளூம்பெர்க் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், மேயர் புளூம்பெர்க், ஐடா ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பாட்டனார் தலைமுறையினர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள். இளம் வயதில் யூத சமயப் பள்ளியில் எபிரேய மொழியும் சமய நூல்களும் கற்ற இவர், பின்னர் ஃபார் ராக்கவே உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மனும் அப்பள்ளியின் மாணவரே.

இரண்டாம் உலகப் போரின்போது 1943-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். கடற்படைப் பணியின் ஊடே கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்து, 1946-இல் யூனியன் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். அதன்பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் மேற்படிப்பைத் தொடங்கினார். தந்தையின் யோசனைப்படி 1947-இல் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1951-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் 1953 வரை நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். நகரின் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளித்த பொது மருத்துவமனை அது. 1954-இல் ஜீன் லீப்ஸ்மன் என்னும் ஓவியரை மணந்தார். இவ்விணையருக்கு நான்கு பிள்ளைகள். 1955-இல் இங்கிலாந்து சென்று, ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் சேர்ந்து, அலெக்சாண்டர் ஆக்ஸ்டனின் வழிகாட்டுதலில் உயிர்வேதியியலில் ஆய்வு செய்து 1957-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

சுரிநாம் அனுபவம்

மருத்துவ மாணவராக இருந்தபோது, ஒட்டுண்ணியியல் பேராசிரியர் ஹெரால்டு பிரவுனின் ஏற்பாட்டில் தென்னமெரிக்காவின் சுரிநாம் நாட்டில் உள்ள மூங்கோ என்னும் ஊரில் புளூம்பெர்க் சில மாதங்கள் பணியாற்றினார். பாக்சைட்டுச் சுரங்கத்தை ஒட்டி உருவான ஊர் அது. சதுப்பு நிலமும் காடும் சூழ்ந்த அப்பகுதியை அடைய ஆற்றுவழியே பெரிதும் பயன்பட்டது.

கரும்புத் தோட்ட வேலைக்காக உலகின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் சுரிநாமில் வாழ்ந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர், ஜாவா தீவினர், சீனர் ஆகியோர் ஒரே சூழலில் அருகருகே இருந்தனர். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் தொற்று இவர்களிடையே ஒரே அளவில் காணப்படவில்லை என்பதை புளூம்பெர்க் கண்டறிந்து எழுதினார். அதுவே இவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையாகும். நோய் வருவது கிருமியை மட்டும் பொறுத்ததா, அல்லது மனிதரின் மரபும் வாழிடமும் வாழ்முறையும் அதில் பங்கு கொள்கின்றனவா என்ற கேள்வி அங்கிருந்து தொடங்கியது.

குருதி மாதிரிகளுக்கான பயணங்கள்

ஆக்சுபோர்டில் இருந்தபோது, மனிதக் குருதிப் புரதங்களில் காணப்படும் பரம்பரை வேறுபாடுகளைப் பற்றி அந்தோனி ஆலிசன் என்னும் ஆய்வாளரிடமிருந்து புளூம்பெர்க் அறிந்தார். அரிவாள் உயிரணுச் சோகைக்குக் காரணமான மரபணு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது என்பதைக் காட்டியவர் ஆலிசன். இதுபோன்ற வேறுபாடுகள் பிற நோய்களிலும் இருக்கக்கூடும் எனக் கருதிய புளூம்பெர்க், 1957-இல் நைசீரியாவுக்குச் சென்று குருதி மாதிரிகளைச் சேகரித்தார்.

அதே ஆண்டு அமெரிக்காவின் தேசிய நலக் கழகங்களில் சேர்ந்து, 1964 வரை புவியியல் மருத்துவம் மற்றும் மரபியல் பிரிவில் பணியாற்றினார். அலாஸ்கா, கனடா, பிலிப்பைன்சு, சப்பான், இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, இசுக்காண்டிநேவியா எனப் பல பகுதிகள் இவருடைய களப்பணியில் அடங்கின. சேகரித்த குருதியிலிருந்து பிரிக்கப்பட்ட தெளிநீர் உறைநிலையில் சேமித்து வைக்கப்பட்டது.

இம்மாதிரிகளிடையே உள்ள வேறுபாட்டைக் கண்டறிய இவர் கையாண்ட முறை எளிமையானது. பிறருடைய குருதியைப் பலமுறை ஏற்றிக்கொண்ட ஒருவரின் உடலில், தம் உடலில் இல்லாத புரதங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். அத்தகையவரின் தெளிநீரைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிய கூழ் ஒன்றின் நடுக்குழியிலும், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்தோரின் தெளிநீரைச் சுற்றியுள்ள குழிகளிலும் இட்டால், எதிர்ப்பொருளும் அதைத் தூண்டிய பொருளும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெண்கோடு தோன்றும். எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருள் ஆன்டிஜென் எனப்படும். 1961-இல் ஆலிசனும் புளூம்பெர்க்கும் இம்முறையால் குருதியில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தின் பரம்பரை வகைகளைக் கண்டறிந்தனர்.

அக்காலத்தில் காமாலை பற்றிய அறிவு

தீநுண்மங்களால் கல்லீரல் அழற்சி உண்டாகிறது என்பதை அக்கால மருத்துவர்கள் ஊகித்திருந்தனர். ஆனால் அத்தீநுண்மங்களை எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. குருதி வழியாகவும் காமாலை பரவும் என்பதற்கான பழைய சான்று செருமனியின் பிரெமன் நகரிலிருந்து கிடைத்தது. அங்கே 1883-இல் பெரியம்மைத் தடுப்பு ஊசி இடப்பட்ட 1,289 கப்பல் கட்டும் தொழிலாளர்களுள் 191 பேருக்குப் பின்னர் காமாலை உண்டானது. வேறு தடுப்பு மருந்தைப் பெற்ற தொழிலாளர்களுக்கு அது வரவில்லை. இதனை லூர்மன் என்னும் மருத்துவர் 1885-இல் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், மனிதத் தெளிநீர் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பெற்ற அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ 50,000 பேர் காமாலையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

1947-இல் பிரித்தானிய மருத்துவர் மெக்கல்லம் இந்நோயை ஏ, பி என இரண்டாகப் பிரித்தார். ஏ வகை மாசுபட்ட உணவு, நீர் வழியாகவும், பி வகை குருதி வழியாகவும் பரவுவதாகக் கருதப்பட்டது. குருதியேற்றம் பரவலானபோது பி வகையும் பெருகியது. கொடையாளரின் குருதியில் நோய் உள்ளதா என்று அறிய வழி ஏதும் இல்லை.

ஆஸ்திரேலியா ஆன்டிஜென்

1963-இல் தேசிய நலக் கழகங்களின் குருதி வங்கியில் பணியாற்றிய ஹார்வி ஆல்ட்டருடன் புளூம்பெர்க் இணைந்து ஆய்வு செய்துவந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த, பலமுறை குருதியேற்றம் பெற்ற குருதி உறையாமை நோயாளி ஒருவரின் தெளிநீரைச் சோதித்தபோது, வரிசையில் இருந்த மாதிரிகளுள் ஒன்று மட்டுமே அதனுடன் வினைபுரிந்தது. அது ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடையது. அதில் தோன்றிய கோடு, முன்னர் அறிந்த கொழுப்புப் புரதக் கோடுகளைப் போல் நீல நிறம் ஏற்காமல், புரதத்துக்கான சாயத்தில் சிவப்பு நிறம் ஏற்றது. எனவே இது புதிய பொருள் என்று தெரிந்தது. மாதிரி கிடைத்த நாட்டின் பெயரால் இதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டனர். இதைப் பற்றிய கட்டுரை 1965-இல் வெளியானது.

அடுத்து, இப்பொருள் எவரெவரிடம் காணப்படுகிறது என்று ஆயிரக்கணக்கான மாதிரிகள் சோதிக்கப்பட்டன. நலமுள்ள அமெரிக்கர்களில் ஆயிரத்தில் ஒருவரிடமே இது இருந்தது. சப்பானில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரிடமும், பிலிப்பைன்சின் செபு தீவில் 6 விழுக்காட்டினரிடமும், சில பசிபிக் தீவு மக்களிடம் 5 முதல் 15 விழுக்காட்டினரிடமும் இருந்தது. குடும்பங்களில் தொடர்ந்து வந்ததால், இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபுவழியில் வரும் பண்பு என்று புளூம்பெர்க் முதலில் கருதினார். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் நோயும் குடும்ப மரபு போலவே தோற்றமளிக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

1964-இல் புளூம்பெர்க் பிலடெல்பியாவின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். பின்னாளில் இந்நிறுவனம் ஃபாக்சு சேசு புற்றுநோய் மையத்தின் பகுதியாயிற்று. குருதிப் புற்றுநோயாளிகளிடம் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் மிகுதியாக இருப்பதைக் குழுவினர் கண்டிருந்தனர். டவுன் நோய்க்குறி உடையோருக்குக் குருதிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களும் சோதிக்கப்பட்டனர். பெரிய காப்பகங்களில் வாழ்ந்தோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது. சிறிய இல்லங்களில் இருந்தோரிடம் குறைவாகவும், பிறந்த குழந்தைகளிடம் அறவே இல்லாமலும் இருந்தது. பிறப்பிலேயே அமைந்த பண்பாயின் வாழும் இடத்தைப் பொறுத்து இவ்வாறு மாறியிருக்க இயலாது.

1966-இல் தீர்வு கிடைத்தது. டவுன் நோய்க்குறி உடைய ஓர் இளைஞரின் குருதியில் முதற்சோதனையில் ஆன்டிஜென் இல்லை. சில மாதங்களுக்குப் பின் நடந்த சோதனையில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டிருந்ததைக் கல்லீரல் நொதியின் அளவு காட்டியது. 1967-இல் ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர் தாமே நோயுற்றபோது, தம் குருதியைச் சோதித்து மங்கலான கோட்டைக் கண்டார். இச்சான்றுகளை புளூம்பெர்க், தாமசு லண்டன், ஆல்ட்டன் சட்னிக் உள்ளிட்ட குழுவினர் திரட்டி, ஆன்டிஜென் கல்லீரல் அழற்சியுடன் தொடர்புடையது என்று 1967-இல் அறிவித்தனர்.

இம்முடிவு உடனடியாக ஏற்கப்படவில்லை. குழுவினர் தீநுண்ம ஆய்வுத் துறைக்கு வெளியே இருந்து வந்தவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். டோக்கியோவின் கசுவோ ஒகோச்சி, நியூயார்க்கின் ஆல்பிரட் பிரின்சு ஆகியோரின் ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. 1970-இல் இலண்டனைச் சேர்ந்த டேன் மின்னணு நுண்ணோக்கியின் உதவியால் 42 நானோமீட்டர் விட்டமுள்ள முழுத் தீநுண்மத் துகளைக் கண்டார். ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்பது அத்துகளின் மேலுறைப் புரதம் என்று தெளிவானது.

குருதிச் சோதனை

நோய்க்காவிகளைக் கண்டறிய வழி கிடைத்தவுடன் குருதி வங்கிகளில் அதைப் பயன்படுத்தும் கேள்வி எழுந்தது. ஆன்டிஜென் உள்ள குருதியைப் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடும் ஆய்வைப் புளூம்பெர்க்கின் குழு தொடங்கியிருந்தது. அத்தகைய குருதியைப் பெற்றவர்களுக்கு நோய் மிகுதியாக வருவதை ஒகோச்சியின் தரவுகள் 1969-இல் காட்டியதும், தெரிந்தே அக்குருதியை ஏற்றுவது முறையன்று எனக் கருதி ஆய்வு நிறுத்தப்பட்டது. சோதனைக்குத் தேவையான வினைப்பொருள்களைக் கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் குழுவினர் கட்டணமின்றி அனுப்பினர்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொடைக் குருதி அனைத்தையும் சோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. குருதியேற்றத்தால் வந்த பி வகை அழற்சி பெரிதும் குறைந்தது. எனினும் ஏ, பி ஆகிய இரண்டும் அல்லாத ஒரு வகை எஞ்சியிருப்பதை ஆல்ட்டர் கண்டார். சி வகை எனப் பின்னர் பெயர்பெற்ற அதன் கண்டுபிடிப்புக்காக 2020-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஆல்ட்டர், மைக்கேல் ஹவுட்டன், சார்லசு ரைசு ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது.

தடுப்பூசி

நோய்க்காவிகளின் குருதியில் முழுத் தீநுண்மங்களைவிட, தொற்றும் ஆற்றல் அற்ற வெற்று மேலுறைத் துகள்கள் மிகப் பெரும் எண்ணிக்கையில் மிதக்கின்றன. 22 நானோமீட்டர் அளவுள்ள இத்துகள்களைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினால் அவற்றையே தடுப்பூசியாகப் பயன்படுத்தலாம் என்று புளூம்பெர்க்கும் நுண்ணுயிரியலாளர் இர்விங் மில்மனும் கருதினர். ஆய்வகத்தில் வளர்க்க முடியாத ஒரு தீநுண்மத்துக்கு, அந்நோயைச் சுமக்கும் மனிதரின் குருதியிலிருந்தே தடுப்பூசி செய்யும் முறை அதற்கு முன் இருந்ததில்லை. 1969-இல் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1972-இல் அது வழங்கப்பட்டது.

காப்புரிமையின் உரிமத்தைப் பெற்ற மெர்க் நிறுவனத்தில், மாரிசு ஹில்மன் தலைமையிலான குழு தடுப்பூசியை உருவாக்கியது. பிரான்சில் பிலிப் மோப்பா தலைமையிலான குழுவும் இதே காலத்தில் தனியாக ஒரு தடுப்பூசியை உருவாக்கிப் பயன்படுத்தியது. வொல்ஃப் சுமுனசு நியூயார்க்கில் 1,083 தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 1980-இல் வெளியாயின. தடுப்பூசி நோயைச் சிறப்பாகத் தடுப்பதை அவை காட்டின. 1981-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது.

இத்தடுப்பூசியின் விலை மூன்று தவணைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 அமெரிக்க டாலராக இருந்தது. நோய் மிகுந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் நலத்துறைகளுக்கு அது எட்டாத தொகை. எய்ட்சு நோய் வெளிப்பட்ட காலமாதலால், மனிதக் குருதியிலிருந்து செய்த மருந்தைப் பலர் அஞ்சினர். 1986-இல் மரபணுப் பொறியியல் முறையில் ஈசுட்டுகளைக் கொண்டு மேலுறைப் புரதம் தயாரிக்கப்பட்டது. குருதிப் பயன்பாடு நீங்கியது. பின்னாளில் பல நிறுவனங்கள் உற்பத்தியில் இறங்கியதால் விலையும் குறைந்தது.

கல்லீரல் புற்றுநோயுடன் தொடர்பு

கல்லீரல் புற்றுநோய் மிகுதியாக உள்ள பகுதிகளில் பி வகைத் தொற்றும் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தனர். புளூம்பெர்க்கின் குழு செனகல் நாட்டில் பிரெஞ்சு மருத்துவர்களுடன் இணைந்து இதை ஆராய்ந்தது. தைவானில் பால்மர் பீசுலி 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981-இல் வெளியிட்ட முடிவுகள் இத்தொடர்பை ஐயமின்றி நிறுவின. தைவான் 1984-இல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் இது புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி என்றும் குறிப்பிடப்படுகிறது.

தென்னிந்தியாவுடன் தொடர்பு

புளூம்பெர்க்கின் ஆய்வில் தொழுநோயாளர் முக்கிய இடம் பெற்றனர். கட்டுப்பாடின்றிப் பரவும் வகைத் தொழுநோய் உடையோரிடம் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் மிகுதியாக இருக்கலாம் என்பதை முதலில் பிலிப்பைன்சில் ஆராய்ந்த இவர், தென்னிந்தியத் தொழுநோயாளரிடம் செய்த ஆய்வையும் உள்ளடக்கிய கட்டுரையை 1970-இல் மெலார்ட்டினுடன் இணைந்து வெளியிட்டார். இரு நோய்களுக்கும் இடங்கொடுக்கும் உடல்தன்மை காரணமா, ஒரே இல்லத்தில் நெடுங்காலம் நெருங்கி வாழ்வது காரணமா என்பதைப் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. 1986-இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் வருகைதரு பேராசிரியராகவும் இவர் இருந்தார்.

தமிழகத்தில் காமாலைக்கு மருந்தாக வழங்கப்படும் கீழாநெல்லி பற்றிய ஆய்விலும் புளூம்பெர்க் பங்கேற்றார். பல நாட்டு மரபு மருத்துவங்களில் காமாலைக்குப் பயன்படும் செடிகளை இவருடைய குழு தேடியது. வெங்கடேசுவரன், மில்மன், புளூம்பெர்க் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில், கீழாநெல்லிச் சாறு தீநுண்மம் பெருகத் தேவையான நொதியைச் சோதனைக் குழாயில் தடுப்பதாகவும், இதையொத்த தீநுண்மம் தொற்றிய வுட்சக் என்னும் அணில் இன விலங்குகளில் தொற்றைக் குறைப்பதாகவும் தெரிவித்தனர்.

இதன் தொடர்ச்சியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் தலைமையில் நோய்க்காவிகளிடம் சோதனை நடந்தது. புளூம்பெர்க்கும் இணையாசிரியராக இருந்த அதன் முடிவு 1988-இல் லான்செட் இதழில் வெளியானது. 30 நாள் கீழாநெல்லி பெற்ற 37 பேருள் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது. இம்முடிவு பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கியது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் இத்தகைய பயன் கிடைக்கவில்லை. பல சோதனைகளைத் தொகுத்து 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், போலி மருந்தைவிட இது சிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறியது.

பெரியவர்களுக்கு வரும் திடீர் பி வகை அழற்சி பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். 100 பேரில் ஏறத்தாழ 95 பேர் முழுமையாகக் குணமடைவர். அந்நாள்களில் உட்கொண்ட எந்த மருந்தும் நோயைத் தீர்த்தது போலத் தோன்றும். பிறந்தவுடன் தொற்றுக்கு உள்ளாகும் குழந்தைகளின் நிலை இதற்கு எதிரானது. அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாழ்நாள் முழுவதும் தீநுண்மத்தைச் சுமப்பவராகின்றனர். கல்லீரல் இறுக்கம், புற்றுநோய் ஆகியவை பெரும்பாலும் இவ்வாறு நீடிக்கும் தொற்றிலிருந்து பல்லாண்டுகளுக்குப் பின் வருபவை.

நோய்க்காவிகள் பற்றிய அறச் சிக்கல்கள்

சோதனை பரவலானபோது, நோய் அறிகுறி ஏதுமின்றி நலமாக வாழ்ந்தவர்களும் நோய்க்காவிகள் என்று அறியப்பட்டனர். பிறருக்குத் தொற்றும் என்ற அச்சத்தால் அவர்கள் வேலையையோ பள்ளியையோ இழக்கவும், குழந்தைகளைத் தத்தெடுக்க மறுக்கப்படவும் வாய்ப்பு ஏற்பட்டது. தீநுண்மம் சில மக்களினங்களில் அதிகமாகக் காணப்பட்டதால், அவ்வினத்தார் அனைவரையும் ஐயத்துடன் நோக்கும் ஆபத்தும் இருந்தது. குருதியேற்றத்தால் பரவும் ஆபத்து தெளிவாக அறியப்பட்டிருந்தது. அன்றாடப் பழக்கத்தால் பரவுவது பற்றிப் போதிய சான்று இல்லை. இந்நிலையில் ஒருவரின் உரிமைகளைக் கட்டுப்படுத்துவது சரியாகாது என்ற சிக்கலைப் புளூம்பெர்க் 1970-களிலேயே எழுப்பி, அதைப் பற்றித் தனியே கட்டுரையும் எழுதினார்.

இத்துறையில் அறச் சிக்கல் முன்பே இருந்தது. நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில் அறிவுவளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கு, 1950-களின் நடுப்பகுதியிலிருந்து சால் குருக்மனின் குழு வேண்டுமென்றே தொற்றை ஏற்படுத்தி ஆராய்ந்தது. ஏ, பி வகைகளின் வேறுபாட்டை உறுதிப்படுத்திய அவ்வாய்வு, பின்னர் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. புளூம்பெர்க்கின் ஆய்வு தொற்றை ஏற்படுத்தவில்லை. எனினும் தம் நலனைத் தாமே காத்துக்கொள்ள வழியற்றவர்களின் குருதியே இரு ஆய்வுகளுக்கும் ஆதாரமாக இருந்தது.

தடுப்பூசியின் பரவல்

1992-இல் உலக நலவாழ்வு அமைப்பு இத்தடுப்பூசியை அனைத்து நாடுகளின் குழந்தைத் தடுப்பூசித் திட்டங்களிலும் 1997-க்குள் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. இந்தியாவில் 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்சு நிறுவனம் உள்நாட்டிலேயே மரபணுப் பொறியியல் முறையில் இதைத் தயாரித்து வெளியிட்டபின் விலை வெகுவாகக் குறைந்தது. 2002-இல் முன்னோட்டமாகச் சில இடங்களிலும், 2011-க்குள் நாடு முழுவதிலும் இத்தடுப்பூசி அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், ஐந்து நோய்களுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசியின் பகுதியாகவும் இது வழங்கத் தொடங்கியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தவணையும், 6, 10, 14 ஆகிய வாரங்களில் கூட்டுத் தடுப்பூசியாகவும் இது இடப்படுகிறது.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுப்பதில் பிறந்தவுடன் இடும் தவணையே முதன்மையானது. வீட்டில் பிறக்கும் குழந்தைகளும், ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்களின் குழந்தைகளும் இதைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். மேலும், இத்திட்டம் தொடங்குவதற்கு முன் பிறந்த பெரியவர்கள் இதன் வரம்புக்குள் வரவில்லை. கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஒசூர், போச்சம்பள்ளி போன்ற தொழிற்பகுதிகளுக்கு வேலை தேடி வரும் பிற மாநிலத் தொழிலாளருள் பலரும் இத்தலைமுறையைச் சேர்ந்தவர்களே. நோய் அறிகுறியின்றி நெடுங்காலம் மறைந்திருப்பதால், குருதிக் கொடையின்போதோ மகப்பேற்றுச் சோதனையின்போதோதான் பலருக்கும் தம் தொற்று தெரியவருகிறது.

இந்தியாவின் தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. பி, சி வகைகளுக்கான சோதனையும் மருந்தும் இதன்கீழ் இலவசமாக வழங்கப்படுகின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் 25.4 கோடிப் பேர் நீடித்த பி வகைத் தொற்றுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர்.

பிற்கால வாழ்க்கையும் இறப்பும்

1977 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம், மானிடவியல் ஆகிய இரு துறைகளிலும் பேராசிரியராக இருந்தார். 1989 முதல் 1994 வரை ஆக்சுபோர்டு பேலியல் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். அப்பதவியை வகித்த முதல் அமெரிக்கரும் முதல் அறிவியலாளரும் இவரே. 1999 முதல் 2002 வரை, பிற கோள்களில் உயிர் இருக்கக்கூடிய வாய்ப்பை ஆராயும் நாசாவின் விண்ணுயிரியல் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தார். தம் கண்டுபிடிப்பின் வரலாற்றை 2002-இல் நூலாக வெளியிட்டார்.

ஏப்ரல் 5, 2011 அன்று கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்தில், நிலவு ஆய்வு தொடர்பான கருத்தரங்கு ஒன்றில் உரையாற்றியபின் மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 85.

சிறப்புகள்

- 1976: உடலியங்கியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசு, கஜ்டுசெக்குடன் இணைந்து.
- 1993: அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் இர்விங் மில்மனுடன் இடம்.
- 2005–2011: அமெரிக்க மெய்யியல் கழகத்தின் தலைவர்.
- 2010: உலக நலவாழ்வுப் பேரவையின் தீர்மானத்தால் ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் மே 19 அன்று இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டது.
- 2013: பென்சில்வேனியாவில் உள்ள கல்லீரல் அழற்சி ஆய்வு நிறுவனத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.